எல்லைக்கோடு வரைதான் லைசென்ஸ்



அமெரிக்காவில் டெக்சர்கானா என்று ஓர் ஊர். ஊரின் ஒரு பாதி டெக்சஸ் மாநிலத்தைச் சேர்ந்தது, மறுபாதி ஆர்கன்சாஸைச் சேர்ந்தது. நடுவே ஓடும் சாலைக்குப் பெயரே ஸ்டேட் லைன் அவென்யூ. அங்கே மத்திய அரசுக் கட்டடம் ஒன்று இருக்கிறது; தபால் நிலையமும் நீதிமன்றமும் அதற்குள்தான். மாநில எல்லைக்கோடு அந்தக் கட்டடத்துக்குள்ளேயே புகுந்து வெளியே போகிறது. கடைக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கும் போகிறவர்கள் இந்த எல்லையைத் தாண்ட யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் போன்றவர்களுக்குத்தான் அந்தச் சாலை கொஞ்சம் அகலம். டெக்சஸ் லைசென்ஸ் வைத்திருக்கும் தெரபிஸ்ட், எதிர்ச்சாரியில் பக்கவாதத்தில் கிடக்கும் ஒருவர் வீட்டுக்குப் போய் வேலை பார்க்க வேண்டுமானால் ஆர்கன்சாஸின் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். டெக்சஸில் லைசென்ஸ் தருவது ஆக்குபேஷனல் தெரபிக்கென்றே ஆஸ்டினில் இயங்கும் வாரியம். ஆர்கன்சாஸில் அந்த வேலையை மாநில மருத்துவ வாரியம் பார்க்கிறது. ஒரே ஊர், ஒரே நோய், ஒரே படிப்பு. ஆனால் இரண்டு விண்ணப்பம், இரண்டு கட்டணம், இரண்டு புதுப்பிப்புத் தேதி.

இவர்கள் செய்கிற வேலைதான் என்ன? பக்கவாதம் வந்தவருக்கு ஒற்றைக் கையால் சட்டைப் பித்தான் போடக் கற்றுத் தருவார்கள். விபத்தில் விரல் நரம்பு அறுந்தவருக்கு அளவெடுத்து ஸ்பிளிண்ட் செய்து மாட்டுவார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தை வகுப்பறை இரைச்சலோடு ஒத்துப்போகப் பழக்குவார்கள். மறதி நோய் வந்த பாட்டி குளியலறையில் வழுக்கி விழாதபடி எங்கே கைப்பிடி வைக்கலாம் என்று பார்ப்பார்கள். நம்மூரில் இதைப் பிசியோதெரபி என்றே பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பிசியோதெரபிஸ்ட் காலுக்குப் பலம் ஏற்றி விட்டபின், அந்தக் காலை ஊன்றி அடுப்படியில் நின்று தோசை வார்க்க முடிகிறதா என்று பார்ப்பவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். அமெரிக்காவில் இவர்கள் சுமார் ஒன்றரை லட்சம் பேர் இருக்கிறார்கள்.

இந்தத் தொழிலுக்கு அங்கே அமைப்பு ரீதியான தொடக்கம் 1917 மார்ச் மாதம். நியூயார்க் மாநிலத்தில் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் ஜார்ஜ் எட்வர்ட் பார்ட்டன் என்ற கட்டடக் கலைஞர் வீட்டில் ஆறு பேர் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். பார்ட்டனே காசநோயும் பக்கவாதமும் கண்டு, காலின் ஒரு பகுதியை இழந்து, கைவேலை செய்து செய்தே உடம்பைத் தேற்றிக்கொண்டவர். கூடியவர்களில் மனநல மருத்துவர் வில்லியம் ரஷ் டன்ட்டன் இருந்தார். சமூக சேவையிலிருந்து வந்த எலினார் கிளார்க் ஸ்லேகல் இருந்தார். அடுத்த மாதமே அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. காயம்பட்டுத் திரும்பிய சிப்பாய்களுக்கு நெசவும் மரவேலையும் கற்றுக்கொடுக்க ஏராளமான இளம்பெண்கள் குறுகிய காலப் பயிற்சி பெற்று ராணுவ மருத்துவமனைகளுக்குப் போனார்கள். அவர்களிடம் யாரும் லைசென்ஸ் கேட்கவில்லை. அப்படி ஒன்று அன்று கிடையாது. மாநிலங்களில் முதன்முதலாக நியூயார்க்கும் ஃபுளோரிடாவும் லைசென்ஸ் சட்டம் கொண்டுவந்தது 1975இல்தான். கலிபோர்னியாவுக்குத் தனி வாரியம் வர 2001 ஆயிற்று. இப்போது 50 மாநிலங்களிலும் ஏதோ ஒரு வகைக் கட்டுப்பாடு உண்டு.

நாடு ஒன்று, சட்டம் மட்டும் ஏன் ஐம்பது? இதற்கு விடை தேட மேற்கு வர்ஜீனியாவுக்குப் போக வேண்டும். அங்கே ஃபிராங்க் டென்ட் என்று ஒரு டாக்டர். 1876 முதல் வைத்தியம் பார்த்து வந்தார். பிறகு வந்த மாநிலச் சட்டம், அங்கீகாரம் பெற்ற கல்லூரியின் பட்டம் வேண்டும், இல்லையென்றால் பத்தாண்டு அனுபவமோ தேர்வில் தேர்ச்சியோ வேண்டும் என்றது. டென்ட்டிடம் பட்டம் இருந்தது. ஆனால் அது சின்சினாட்டியில் இருந்த, எக்லெக்டிக் என்னும் மாற்று வைத்திய முறைக் கல்லூரி தந்த பட்டம். வாரியம் அதை ஏற்கவில்லை. அவர் தொடர்ந்து வைத்தியம் பார்த்தார், 50 டாலர் அபராதம் விழுந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மக்களின் உடல்நலத்தைக் காக்கத் தொழிலுக்குத் தகுதி விதிக்கும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு என்று 1889இல் தீர்ப்பு வந்தது. டென்ட் தோற்றார். அவர் கட்டிய அந்த அபராதத்தின் நிழலில்தான் இன்றைக்கும் அமெரிக்காவில் நர்ஸ், தெரபிஸ்ட், பல் டாக்டர் என்று எல்லோரும் மாநில வாரியத்தின் முன்னால் வரிசையில் நிற்கிறார்கள்.

வரிசையில் நிற்பதற்கு முன் ஏறவேண்டிய படிகள் சில. அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முதுநிலைப் பட்டம் அல்லது முனைவர் நிலைத் தொழிற்பட்டம் வேண்டும். இளநிலைப் பட்டத்தோடு தொழிலில் நுழையும் வழி 2007இல் அடைபட்டுவிட்டது. அதோடு மருத்துவமனையிலோ பள்ளியிலோ அனுபவசாலி ஒருவரின் கண்காணிப்பில் 24 வாரம் முழுநேரப் பயிற்சி. மாணவர்கள் உண்மையில் பயப்படுவது இந்த 24 வாரத்துக்குத்தான். புத்தகத்தில் ஒரு நோயாளிக்கு ஒரு நோய்தான் இருக்கும். வார்டில் இருப்பவருக்குச் சர்க்கரை, பக்கவாதம், பார்வைக் குறைவு, கோபக்கார மகன் என்று நாலும் சேர்ந்திருக்கும்.

அடுத்தது தேசியத் தேர்வு. மேரிலாந்தில் இருக்கும் என்.பி.சி.ஓ.டி. என்ற தனியார் சான்றளிப்பு நிறுவனம் இதை நடத்துகிறது. கணினி முன்னால் நான்கு மணி நேரம். மதிப்பெண் 300க்கும் 600க்கும் இடையே வரும். 450 எடுத்தால் தேர்ச்சி. மனப்பாடக் கேள்விகளைவிடச் சூழலைச் சொல்லிக் கேட்கும் கேள்விகளே அதிகம். இடுப்பு மாற்று அறுவை முடிந்து வீடு திரும்புகிற 70 வயதுக்காரர், தனியாக இருப்பவர், கழிப்பறை மாடியில். முதலில் எதைச் செய்வாய்? நான்கு விடையும் சரிபோலவே தெரியும். எது முதலில் என்று தேர்ந்தெடுப்பதில்தான் ஆளின் தரம் தெரியும்.

தேறியதும் பெயருக்குப் பின்னால் ஓ.டி.ஆர். என்ற மூன்று எழுத்து போட்டுக்கொள்ளலாம். புதிதாகத் தேறியவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில். மூன்று எழுத்து வந்துவிட்டது, வேலையில் சேர்ந்துவிடலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். அது ஒரு சான்றிதழ், அவ்வளவுதான். தேர்வு நடத்தும் நிறுவனத்துக்கு யாரையும் தொழில் செய்ய அனுமதிக்கும் சட்ட அதிகாரம் இல்லை. மதிப்பெண்ணை மாநில வாரியத்துக்கு அனுப்பச் சொல்லி, கல்லூரியிலிருந்து மதிப்பெண் பட்டியலை நேரடியாகப் போய்ச் சேரவைத்து, கட்டணம் கட்டி, வாரியம் லைசென்ஸ் எண் தந்த பிறகுதான் நோயாளியின் கையைத் தொடலாம். அதற்கு முந்தைய நாள் தொட்டால் சட்டமீறல்.

மாநிலத்துக்கு மாநிலம் மணம் மாறும். டெக்சஸ், தன் சட்டதிட்டங்களைப் பற்றியே ஒரு தனித் தேர்வு வைக்கிறது. கலிபோர்னியாவில் கைரேகை பதிய வேண்டும். அது குற்றப் பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கப்படும். நியூயார்க்கில் இந்த லைசென்ஸ் சுகாதாரத் துறையின் கையில் இல்லை, கல்வித் துறையின் கையில். அங்கே லைசென்ஸ் ஆயுளுக்கும் செல்லும். ஆனால் தொழில் செய்ய மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு 36 மணி நேரத் தொடர்கல்வி காட்ட வேண்டும். கலிபோர்னியாவில் இரண்டு ஆண்டுக்கு 24 அலகு. நியூயார்க் சட்டம் விண்ணப்பதாரரிடம் நன்னடத்தையும் கேட்கிறது. நன்னடத்தையை எந்தத் தராசில் நிறுப்பார்கள் என்பது வேறு விஷயம்.

லைசென்ஸ் வந்துவிட்டால் எல்லாம் செய்யலாமா என்றால், அதுவும் இல்லை. கலிபோர்னியாவில் மூன்று வேலைகளுக்குத் தனி ஒப்புதல் வேண்டும்: கைக்கான சிறப்பு மறுவாழ்வுச் சிகிச்சை; அல்ட்ராசவுண்ட், மின்தூண்டல் போன்ற கருவிகளைப் பயன்படுத்துவது; விழுங்கும் திறனைச் சோதிப்பது. மூன்றாவது ஏன் இந்தப் பட்டியலில் இருக்கிறது என்று யோசித்தால் லைசென்ஸின் நியாயமே விளங்கிவிடும். விழுங்கத் தடுமாறுகிற நோயாளிக்குத் தண்ணீரைத் தவறான முறையில் புகட்டினால் அது நுரையீரலுக்குள் போகும். நிமோனியா வரும். சாவும் வரும். பார்க்கச் சாதாரணமான காரியம், ஒரு டம்ளர் தண்ணீர்.

இனி, வெளிநாட்டில் படித்தவர்கள் கதை. வேலூர் சி.எம்.சி. உட்படத் தமிழ்நாட்டில் பல கல்லூரிகளில் ஆக்குபேஷனல் தெரபி பட்டப்படிப்பு இருக்கிறது. அங்கே படித்து அமெரிக்கா போக விரும்புகிறவருக்கு இளநிலைப் பட்டம் மட்டும் போதாது. அமெரிக்க முதுநிலைக்கு இணையான படிப்பு என்று என்.பி.சி.ஓ.டி. ஒப்புக்கொண்ட பிறகே தேர்வு எழுத விடுவார்கள். ஆங்கிலத் தேர்வு தனி. 1996ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி விசாவுக்கும் தனியாக ஒரு தகுதிச் சான்று வாங்க வேண்டும். எல்லாம் முடிந்தபின்தான் மாநில வாரியத்தின் கதவு. தாள்களைப் பொறுமையாகச் சேர்ப்பதே ஒரு முழுநேர வேலை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்தியாவில் இந்தப் படிப்பைத் தொடங்கி வைத்தவர் அமெரிக்காவில் பிறந்தவர்தான். எலிசபெத் லண்டி என்ற அந்தப் பெண் விஷ்ணு நிம்ப்கரை மணந்து கமலா நிம்ப்கர் ஆனார். இந்தியா வந்து பல ஆண்டுகள் கழித்துத் திரும்பப் போய், ஃபிலடெல்ஃபியா ஆக்குபேஷனல் தெரபி பள்ளியில் பயின்று வந்தார். 1950இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் பள்ளி தொடங்கினார். 1952இல் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளின் உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதன் பத்து நிறுவன நாடுகளில் அமெரிக்காவும் இருந்தது, இந்தியாவும் இருந்தது. ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வந்த பாடத்தைப் படித்த பரம்பரை, இன்று ஃபிலடெல்ஃபியாவில் வேலை செய்ய முதலிலிருந்து தன்னை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. இந்தியாவிலோ, மகாராஷ்டிரம், டெல்லி போன்ற இடங்களில் மாநில அளவில் கவுன்சில்கள் ஏற்கெனவே இருந்தாலும், இந்தத் தொழிலுக்கு நாடு தழுவிய சட்டம் 2021இல்தான் வந்தது.

இத்தனை வாரியம் தேவையா என்ற கேள்வி அமெரிக்காவில் பலமாகவே எழுந்திருக்கிறது. 2015இல் வெள்ளை மாளிகை வெளியிட்ட அறிக்கை ஒரு கணக்குச் சொன்னது: 1950களில் மாநில லைசென்ஸ் தேவைப்பட்ட தொழிலாளர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு, இப்போது கால்வாசிக்கு மேல். அதே ஆண்டு வட கரோலினா பல் மருத்துவ வாரியத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பல்லை வெண்மையாக்கும் கடைகளை மூடச் சொல்லி வாரியம் கடிதம் அனுப்பியிருந்தது. வாரியத்தில் பெரும்பான்மை தொழில் செய்யும் பல் டாக்டர்கள். போட்டியாளரை விரட்டத்தான் இந்தக் கடிதமா என்ற சந்தேகம் யாருக்கும் வரும். மாநில அரசின் முனைப்பான மேற்பார்வை இல்லாத இப்படிப்பட்ட வாரியங்களுக்குப் போட்டிச் சட்டத்திலிருந்து விலக்குக் கிடையாது என்று தீர்ப்பாயிற்று.

பல் வெளுப்பதையும் நுரையீரலுக்குள் தண்ணீர் போகாமல் பார்ப்பதையும் ஒரே கூடையில் போட முடியாது. லைசென்ஸே வேண்டாம் என்று ஆக்குபேஷனல் தெரபி விஷயத்தில் சொன்னால் எடுபடாது. இங்கே குறை லைசென்ஸில் இல்லை. அது மாநில எல்லையில் செத்துப்போவதில் இருக்கிறது. அதிகம் அடிபட்டவர்கள் ராணுவ வீரர்களின் துணைவிகளும் துணைவர்களும். சில ஆண்டுக்கு ஒருமுறை இடமாற்றம். புதிய மாநிலத்தில் லைசென்ஸ் வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அவர்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் லைசென்ஸை இடம் மாறிய மாநிலமும் ஏற்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய அரசின் சட்டமே வந்தது. அதற்கு முன்பே, 2019இல், வேற்று மாநில லைசென்ஸோடு குடிபெயர்ந்து வருகிறவர்களைப் பொதுவாக ஏற்கும் சட்டத்தை முதலில் கொண்டுவந்தது அரிசோனா.

காணொளி சிகிச்சை வந்தபின் சிக்கல் இன்னும் முற்றியது. திரையில் குழந்தைக்குப் பென்சில் பிடிக்கக் கற்றுத் தரும் தெரபிஸ்ட் எந்த மாநிலத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பது பெரிய கேள்வி இல்லை. குழந்தை எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. சிகிச்சை நடந்த இடம் அதுதான் என்று சட்டம் பார்க்கிறது. கோடை விடுமுறைக்கு அந்தக் குடும்பம் பக்கத்து மாநிலத்துப் பாட்டி வீட்டுக்குப் போய்விட்டால், தெரபிஸ்ட் தன் நாற்காலியை விட்டு எழாமலேயே லைசென்ஸ் இல்லாதவராகிவிடக்கூடும்.

இதற்கு மாநிலங்கள் தமக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தம் ஒன்று உருவாகியிருக்கிறது. 2021இல் வர்ஜீனியா முதலில் சட்டமியற்றிச் சேர்ந்தது. பத்து மாநிலங்கள் சேர்ந்தால் ஒப்பந்தம் உயிர்பெறும் என்று விதி. அந்த எண்ணிக்கை 2022இல் நிறைந்தது. பிறகு முப்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டன. ஒப்பந்தத்தின் விதிப்படி, தான் குடியிருக்கும் தாய் மாநிலத்தில் குறையற்ற லைசென்ஸ் வைத்திருப்பவர், குற்றப் பின்னணி சோதனைக்கு உட்பட்டு, மற்ற உறுப்பு மாநிலங்களில் தொழில் செய்யும் சலுகையைக் கட்டணம் கட்டிப் பெறலாம். முழு விண்ணப்பமும் மறுபடி வேண்டாம். ஆனால் எந்த மாநிலத்தில் நோயாளி இருக்கிறாரோ அந்த மாநிலச் சட்டத்துக்குத்தான் கட்டுப்பட வேண்டும். சட்டத் தேர்வு வைக்கும் மாநிலமானால் அதையும் எழுத வேண்டும். தாய் மாநிலம் லைசென்ஸை முடக்கினால் மற்ற எல்லா மாநிலச் சலுகையும் கூடவே விழும். ஒப்பந்தத்தில் சேராத மாநிலத்துக்குப் போகிறவர் மட்டும் பழையபடி அந்த வாரியத்தின் இணையதளத்தில் புதிய விண்ணப்பத்தைத் திறந்து, பெயர், முகவரி, கல்லூரி என்று முதல் வரியிலிருந்து நிரப்ப வேண்டும்.