தோடு – 1
(நம் சங்க மகளிர் தினக் கூட்டத்தில் பேசியது)

கோலப் போட்டிக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். பசியோடு இருப்பவர்களை அதிக நேரம் உட்கார வைக்க மாட்டேன்.

நான் பி.காம். படித்து, வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். நாவல் படிப்பதெல்லாம் ஓய்வுக்குப் பிறகுதான். இங்கே கள்ளக்குறிச்சியில் நகைக்கடன் கவுன்ட்டரில் இருந்தபோது, கல்வராயன் மலையிலிருந்து பஸ் பிடித்து வருவார்கள். சின்னசேலம் முகாமிலிருந்து இலங்கைத் தமிழர்களும் வருவார்கள். அப்போது அதை அகதி முகாம் என்போம். மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாறியது 2021-இல்தான்.

ஒரு நாள் அங்கிருந்து வந்த வயதான அம்மா ஒற்றைத் தோட்டை நீட்டினார். "இன்னொண்ணு எங்கம்மா?" என்றேன். "படகுக்காரருக்குக் குடுத்திட்டன் தம்பி" என்றார். பின்னால் வரிசை நின்றது. 'தோடு – 1' என்று எழுதி, எடையைக் குறித்து, அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

அன்று கேட்காமல் விட்டதை நாவல்களில்தான் தெரிந்துகொண்டேன். தமிழ்நதியின் 'பார்த்தீனியம்' 2016-இல் வந்தது. 1987 முதல் 1990 வரை இந்திய அமைதிப்படை அங்கிருந்த காலத்துக் கதை. நாம் பெருமையோடு அனுப்பிய படையை, அந்த வீட்டுப் பெண்கள் வாசலில் துப்பாக்கியோடு நிற்பவர்களாகப் பார்க்கிறார்கள். எனக்கு அது சங்கடமாக இருந்தது. இரண்டு முறை மூடி வைத்துவிட்டுத்தான் முடித்தேன்.

ஆங்கிலம் படிப்பவர்களுக்கு வி.வி. கணேசானந்தனின் 'பிரதர்லெஸ் நைட்' இருக்கிறது. 2024-இல் லண்டனில் பெண் எழுத்தாளர்களுக்கான பரிசு பெற்றது. டாக்டராக ஆசைப்படும் யாழ்ப்பாணத்துப் பெண் சசி; நாலு சகோதரர்கள். மூத்தவர் 1983 கலவரத்தில் சாகிறார். மிச்சத்தைச் சொல்லிவிட்டால் நீங்கள் படிக்க மாட்டீர்கள்.

இதே வேலையை அமெரிக்காவில் மார்கரெட் வாக்கர் என்ற கறுப்பினப் பெண் முன்பே செய்திருக்கிறார். அவருடைய கொள்ளுப்பாட்டி அடிமையாகப் பிறந்தவர். 1861–65 உள்நாட்டுப் போரைக் கண்டவர். அந்தக் கதையைத் தன் பாட்டி வாயால் கேட்டு வளர்ந்த வாக்கர், 1966-இல் அதை 'ஜூபிலி' என்ற நாவலாக்கினார். சொல்ல ஒரு பாட்டி, கேட்க ஒரு பேத்தி இருந்தார்கள். என் கவுன்ட்டரில் சொல்ல ஆள் இருந்தது.

அந்த அம்மா எட்டு மாதம் கழித்து வட்டியோடு கட்டி, தோட்டை மீட்டுப் போனார். அன்றைக்கும் நான் செலானைத்தான் சரிபார்த்தேன்.

'பார்த்தீனியம்' என் பிரதியைச் சங்க நூலக அலமாரியில் வைத்திருக்கிறேன். நோட்டில் பெயரும் ஃபிளாட் எண்ணும் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். பதினைந்து நாள் தவணை, வட்டி கிடையாது.