அழியாக் கணக்கும் நம் ரப்பர் பாலும்



ஐரோப்பிய ஒன்றியம் 2023ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம், 2020 டிசம்பர் 31க்குப் பின் காடழித்த நிலத்தில் விளைந்த ரப்பருக்கு இடமில்லை என்கிறது. அஃது அமலாகும் நாள் இருமுறை தள்ளிவைக்கப்பட்டது. எனினும், பால் வெட்டிய நிலம் எது என்பதை மெய்ப்பிக்க நாம் ஆயத்தமாக வேண்டும்.

இதற்குத் துணையாகக் கூடியது பிளாக்செயின் என்னும் கணக்கேடு. இது கிராணியிடம் மட்டும் இருக்கும் ஏடு அன்று. ஆலை, வணிகர், ஏற்றுமதியாளர் எனப் பலர் கணிப்பொறியிலும் ஒரே படியாக நிற்பது. ஒருவர் திருத்தினால் ஏனைய படிகள் காட்டிக்கொடுக்கும். செயற்கை நுண்ணறிவோ, துணைக்கோளப் படங்களை ஒப்பிட்டுக் காடு அழிந்த இடத்தைச் சுட்டும்.

ஆயினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. பதிந்ததை மாறாமல் காப்பதே இவ்வேட்டின் வேலை; பதிந்தது மெய்யா என்பதை அஃது அறியாது. 20 கிலோ பாலை 18 என்று பதிந்தால், 18 என்பதே அழியாமல் நிற்கும். ஆதலின், தராசின் முன் நிற்கும்போதே எடையையும் உலர் ரப்பர் விழுக்காட்டையும் பார்ப்போம். நம் குறிப்பேட்டிலும் எழுதுவோம். வேறுபாடு கண்டால் பதியுமுன் கேட்போம்.