‘போதும்’ என்று வயிறு சொல்வதைக் கேட்கப் பழகுவோம்

(அம்பத்தூரில் நமது அறக்கட்டளை நடத்திய மாதாந்திர நலவாழ்வுக் கூட்டத்தில், மருத்துவ உதவிக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



அல்லாஹ்வின் அருளால் இந்த மாதமும் ஒன்றுகூடியிருக்கிறோம். இன்று நாம் பேசப்போவது, உடல் எடையைக் குறைப்பதற்காக இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பற்றி. அதைச் செய்துகொள்ளலாமா, வேண்டாமா என்ற கேள்வியை இங்கே எடுக்கவில்லை. அதை மருத்துவரும் அந்தக் குடும்பமும்தான் முடிவு செய்ய வேண்டும். சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவர் சாப்பாட்டின் முன் உட்காருகிறாரே, அவருக்கு எந்த இடத்தில் நிறுத்துவது என்று எப்படித் தெரியும்? அதுதான் இன்றைய பேச்சு. இதை அவர் மட்டும் கற்றால் போதாது. பரிமாறுகிற நாமும் சேர்ந்து கற்க வேண்டும்.

நாங்கள் மருத்துவர்கள் அல்ல. மருத்துவர்களும் உணவு ஆலோசகர்களும் பொதுவாகச் சொல்லும் விஷயங்களை நம் வீட்டு வழக்கத்தோடு சேர்த்து எடுத்துச் சொல்கிறோம். உங்கள் மருத்துவர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

இது எங்கோ யாருக்கோ நடக்கும் விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 100-க்கு 40 பேரும், ஆண்களில் 37 பேரும் அதிக எடை உள்ளவர்கள். 2015-16 ஆய்வில் இதுவே 31, 28 என்று இருந்தது. எடை கூடக் கூட சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, மூட்டு வலி, தூக்கத்தில் மூச்சுத் திணறல் என்று ஒவ்வொன்றாக வருகிறது. வேறு வழிகளால் பலன் கிடைக்காதவர்களுக்கு மருத்துவர்கள் இந்த அறுவை சிகிச்சையைச் சொல்கிறார்கள்.

வயிற்றுக்குள் என்ன மாறுகிறது?

சாதாரணமாக நம் இரைப்பை ஒரு லிட்டரும் அதற்கு மேலும் விரிந்து கொடுக்கும். ‘ஸ்லீவ்’ என்ற முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மீதி இருப்பது ஒரு வாழைப்பழ வடிவக் குழாய். 100 முதல் 150 மில்லி வரை, அதாவது ஒரு சிறிய டீ கிளாஸ் அளவுதான் பிடிக்கும். ‘பைபாஸ்’ முறையில் இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மில்லி பிடிக்கும் சின்னப் பை ஒன்றை உண்டாக்கி, அதை நேரே சிறுகுடலோடு இணைக்கிறார்கள். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன், சிக்காஷி இட்டோ என்ற மருத்துவர்கள் 1966-இல் தொடங்கிய முறையிலிருந்து வளர்ந்தது இது.

பசி எப்படி வருகிறது? இரைப்பையின் மேல்பகுதியில் கிரெலின் என்ற ஒரு சுரப்பு உண்டாகிறது. 1999-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் கோஜிமா, கங்காவா ஆகியோர் இதைக் கண்டறிந்தார்கள். ‘பசிக்கிறது’ என்று மூளைக்குச் சொல்வது இதுதான். ஸ்லீவ் முறையில் அந்தப் பகுதியே பெரும்பாலும் போய்விடுவதால், பல மாதங்களுக்குப் பசியே தெரியாமல் போகலாம். அப்போது பசிக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கடிகாரத்தைப் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும்.

நிறைவு தெரியும் விதமும் மாறிவிடுகிறது. இத்தனை வருடங்களாக ‘வயிறு நிறைந்தது’ என்றால் நமக்கு என்ன பொருள்? தொப்புளைச் சுற்றி ஒரு கனம், இடுப்பில் கட்டிய துணியைத் தளர்த்தத் தோன்றுவது, சாய்ந்து உட்காரத் தோன்றுவது. இப்போது உணவு தங்கும் இடம் சிறியது, மேலே இருப்பது. அதனால் நிறைவு வயிற்றில் தெரியாது. நெஞ்செலும்புக்குக் கீழே ஒரு மெல்லிய அழுத்தமாகத் தெரியும். பழைய இடத்தில் பழைய கனத்தை எதிர்பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டே போனால், அது வருவதற்குள் வாந்தி வந்துவிடும்.

புதிய அடையாளங்கள்

முதல் சில வாரங்களில் நீர் உணவும் மசித்த உணவும்தான். இரைப்பை ஆறிக்கொண்டிருக்கும் காலம் அது. மோர், சூப் எல்லாம் எளிதாக இறங்கிவிடும், நிறைவு சரியாகத் தெரியாது. அதனால் அந்த நாட்களில் உணர்வை நம்பாமல் மருத்துவமனையில் சொன்ன அளவை அளந்து கொடுங்கள்.

கெட்டியான உணவுக்கு வந்த பிறகுதான் உண்மையான பயிற்சி தொடங்குகிறது. ஒருவருக்கு விக்கல் வரும். ஒருவருக்கு மூக்கில் நீர் வடியும், அல்லது தும்மல் வரும். இன்னொருவர் தன்னையறியாமல் ஒரு பெருமூச்சு விடுவார். சிலருக்கு ஒரு சின்ன ஏப்பம். சிலருக்கு அடுத்த கவளத்தை எடுக்கும் கை மெதுவாகிவிடும். இவை சளியும் அல்ல, சோம்பலும் அல்ல. ‘போதும்’ என்று வயிறு சொல்லும் சொற்கள். ஒவ்வொருவருக்கும் இது வேறுபடும் என்பதால், தனக்கு வருவது எது என்பதை அவரவர்தான் கவனித்துக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் சில மாதங்கள் ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தில் என்ன சாப்பிட்டோம், எவ்வளவு நேரம் எடுத்தது, கடைசியில் என்ன தெரிந்தது என்று எழுதி வைத்தால் சீக்கிரம் பிடிபடும்.

அந்த அடையாளம் வந்த பிறகு சாப்பிடும் ஒரே ஒரு கவளம் போதும். நெஞ்சு அடைக்கும், வாயில் எச்சில் நுரைத்துக்கொண்டு ஊறும், தின்றது மேலே வரும். ஒரு கவளத்துக்கும் அடுத்த கவளத்துக்கும் நடுவில்தான் நிம்மதியும் அவதியும் இருக்கின்றன.

எப்படிப் பழகுவது?

முதலாவது, நேரம். குடலிலிருந்து கிளம்பும் செய்தி மூளைக்குப் போய்ச் சேர ஏறக்குறைய 20 நிமிடம் ஆகிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் நம் சகோதரர்களுக்கு இது பெரிய சோதனை. அரை மணி நேர இடைவேளையில் கை கழுவி, டிபன் பாக்ஸைத் திறந்து, பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு ஓட வேண்டும். அப்படிப்பட்டவர்கள் மதிய உணவை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். இடைவேளையில் ஒரு பாதி, டீ நேரத்தில் மறு பாதி.

இரண்டாவது, கவளம். மூன்று விரல்களால் உண்பது நபி (ஸல்) அவர்களின் வழக்கம் என்று ஹதீஸ்களில் படிக்கிறோம். மூன்று விரலில் எடுக்கும் கவளம் சிறிதாகத்தான் இருக்கும். அதைக் கூழாகும் வரை மென்று விழுங்கி, கையைத் தட்டில் வைத்துவிட்டு, சற்றுப் பொறுத்து அடுத்ததை எடுக்க வேண்டும்.

மூன்றாவது, வரிசை. மீன், முட்டை, கோழி, பருப்பு ஆகியவை முதலில், காய் அடுத்து, சோறோ இட்லியோ கடைசியில், இடம் இருந்தால். இருக்கும் சிறிய இடத்தில் உடலுக்கு வேண்டிய புரதம் முதலில் சேரட்டும். உதிரியான சோறு, பரோட்டா, ரொட்டி, நார் நாரான ஆட்டுக்கறி ஆகியவை பலருக்கு அடைத்துக்கொள்ளும். கறி வேண்டுமென்றால் கைமாவாக, நன்றாக வேகவைத்துக் கொடுங்கள்.

நான்காவது, தண்ணீர். சாப்பாட்டோடு தண்ணீர் குடித்தால் உணவு கரைந்து சீக்கிரம் இறங்கிவிடும். நிறைவு தெரியாது, அல்லது இடமில்லாமல் வாந்தி வரும். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து, நாள் முழுவதும் வாய் வாயாகக் குடிக்க வேண்டும்.

ஐந்தாவது, வழுக்கி இறங்கும் உணவுகள். டீயில் தோய்த்த பிஸ்கட், ஐஸ்கிரீம், மிக்சர், இனிப்புப் பானங்கள் ஆகியவை தங்காமல் இறங்கிவிடும். எவ்வளவு தின்றாலும் வயிறு ‘போதும்’ சொல்லாது. ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்துப் பசியும் மெல்லத் திரும்பும்போது, எடை மீண்டும் ஏறுவதற்கு இது ஒரு பெரிய காரணம். பைபாஸ் செய்தவர்கள் இனிப்பு அதிகம் சாப்பிட்டால் படபடப்பு, வியர்வை, மயக்கம், வயிற்றுப்போக்கு வரும். இதை டம்பிங் என்கிறார்கள்.

பரிமாறும் கைகளுக்கு ஒரு வேண்டுகோள்

இப்போது வீட்டில் உள்ளவர்களிடம் பேசுகிறோம். நம் சமுதாயத்தில் அன்பைச் சோற்றில்தான் காட்டுகிறோம். ‘இன்னும் ஒரு கரண்டி’ என்று சொல்லாமல் பரிமாறினால் விருந்தே இல்லை என்று நினைக்கிறோம். மருமகள் நாலு கவளத்தில் எழுந்துவிட்டால், ‘நான் சமைத்தது பிடிக்கவில்லை போல’ என்று மாமியாருக்கு மனம் வாடும். மகன் பாதியில் கையை எடுத்தால், ‘எலும்பும் தோலுமா ஆயிட்டான்’ என்று தாய் அழுவார். அந்த அன்பை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு கரண்டி அவரைக் குளியலறையில் குனிய வைக்கும். தினமும் அப்படி நடந்தால், தன் வயிறு சொல்வதை நம்புவதா, தாய் சொல்வதை நம்புவதா என்று அவர் தடுமாறுவார். கடைசியில் எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிடுவதையே தவிர்ப்பார்.

‘தட்டில் மிச்சம் வைக்கலாமா? வீண்விரயம் ஆகாதா?’ என்று பெரியவர்கள் கேட்பது நியாயம். வீண்விரயத்தை மார்க்கம் கண்டிக்கிறது. அதற்கு வழி, முதலிலேயே குறைவாக வைப்பது. சின்னத் தட்டு, சின்னக் கரண்டி, இரண்டு மூன்று மேசைக்கரண்டி உணவு. அதிலும் மிச்சமானால் மூடி வையுங்கள், அடுத்த வேளைக்கு ஆகும். வயிற்றில் திணித்து வாந்தியாக வெளியே வருவதும் விரயம்தானே?

நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையென்றால் விட்டுவிடுவார்கள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. உண்ணாமல் விடுவது சமைத்தவரை அவமதிப்பதாகாது என்பதை இதிலிருந்து நாம் விளங்கிக்கொள்ளலாம். அதேபோல, முதுகு நிமிர்ந்து நிற்கச் சில கவளங்களே மனிதனுக்குப் போதும், அதற்கு மேல் உண்பதானால் வயிற்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற கருத்தில் மிக்தாம் இப்னு மஅதீகரிப் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் திர்மிதியில் உள்ளது. சிகிச்சை செய்துகொண்டவருக்கு மட்டும் சொன்னதல்ல அது, நம் எல்லோருக்கும்.

நிக்காஹ், வலீமா விருந்துகளில் இன்னும் கவனம் தேவை. சஹன் வைத்துச் சாப்பிடும் குடும்பங்களில் நான்கு பேரின் வேகத்துக்கு இவரும் சாப்பிட வேண்டியதாகிவிடும். அவருக்குத் தனித் தட்டில் இரண்டு துண்டு கோழி, கொஞ்சம் தால்சா வைத்துப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ‘ஏன் சாப்பிடவில்லை? எத்தனை கிலோ குறைந்தது?’ என்று பந்தியில் விசாரிக்காதீர்கள். சிகிச்சை செய்துகொண்டதைச் சொல்வதும் சொல்லாததும் அவர் விருப்பம். மனம் கேட்கவில்லையென்றால் ஒரு டப்பாவில் கட்டிக் கொடுங்கள், வீட்டில் நிதானமாகச் சாப்பிடுவார்.

ரமலானில்

சிகிச்சை முடிந்த ஆரம்ப மாதங்களில் நோன்பு வைத்தால் உடலில் நீர் வற்றிப்போகும் ஆபத்து உண்டு. எப்போது வைக்கலாம் என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். நோயாளிக்கு அல்லாஹ் சலுகை அளித்திருக்கிறான். களா செய்வதா, ஃபித்யா கொடுப்பதா என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவர் அனுமதித்த பிறகு நோன்பு வைப்பவர், கஞ்சி, சமோசா, வடை, ரோஸ் மில்க் எல்லாவற்றையும் பத்து நிமிடத்தில் முடிக்க முயலக் கூடாது. ஒரு பேரீச்சம்பழம், சில வாய் தண்ணீர், அதோடு மஃரிப் தொழுகைக்குச் செல்லுங்கள். தொழுதுவிட்டு, தண்ணீர் குடித்து அரை மணி நேரம் ஆன பிறகு உணவுக்கு உட்காருங்கள். சுன்னத்தும் நிறைவேறும், வயிறும் தன் சொல்லைச் சொல்ல அவகாசம் கிடைக்கும்.

எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

எல்லா வாந்தியும் ‘அதிகம் சாப்பிட்டதால்’ என்று விட்டுவிடாதீர்கள். தண்ணீர் கூடத் தங்காமல் வாந்தி வந்தால், ஒரு நாளுக்கு மேல் வாந்தி நீடித்தால், உடனே போக வேண்டும். வாந்தி தொடர்ந்தால் பி1 வைட்டமின் குறைந்து, நடை தள்ளாடும், பார்வை இரண்டாகத் தெரியும், பேச்சு குழம்பும். தாமதித்தால் மூளைக்கு நிரந்தரப் பாதிப்பு வரும். சிகிச்சை முடிந்த சில நாட்களில் காய்ச்சல், கடும் வயிற்று வலி, வேகமான நாடித்துடிப்பு இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. மருத்துவர் எழுதிக்கொடுத்த வைட்டமின் மாத்திரைகளை, நன்றாக இருக்கிறோம் என்று நிறுத்திவிடவும் கூடாது. அவை பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் தேவை.

சகோதர சகோதரிகளே! இன்று வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு பழக்கத்தை மாற்றுவோம். ‘இன்னும் கொஞ்சம் சாப்பிடு’ என்பதற்குப் பதிலாக ‘போதுமா?’ என்று கேட்போம். ‘போதும்’ என்று பதில் வந்தால், அதை ஒரே தடவையில் ஏற்றுக்கொள்வோம்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. நம் உணவிலும் உடலிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரக்காத்துஹு.