விட்ட இடமும் விட்டு வந்த இடமும்
(பத்தாம் ஆண்டு விழாச் சிறப்புரையின் எழுத்து வடிவம்)



வாணியம்பாடிப் பக்கத்து வயலில் ஒரு மலைப்பாம்பு பிடிபடுமாயின், மறுநாள் நாளிதழில் நான்கு வரிச் செய்தி வரும். பிடித்தவர் பெயர் இருக்கும். பாம்பின் நீளம் இருக்கும். இறுதியில், பாம்பு பத்திரமாகக் காப்புக்காட்டில் விடப்பட்டது என்று முடியும். ஜவ்வாது மலையின் மடியில் அமைந்த ஆலங்காயத்தார்க்கு இவ்வகைச் செய்தி புதிதன்று. அதன்பின் அப்பாம்பு என்னவாயிற்று என்பதே இவ்வுரையின் பொருள்.

தொல்காப்பியர் விலங்கைக் கருப்பொருளுள் ஒன்றாக வைத்தார். இலக்கணம் உயிரியல் நூலன்று; எனினும் நிலத்தையும் உயிரையும் பிரித்து எண்ணாத அப்பார்வை ஈண்டுப் பயன்படுகிறது. ஒரு பாம்புக்குத் தான் உலவும் வட்டாரம் உண்டு. எந்தக் கரையான் புற்று வெயிலுக்கு ஒதுங்க ஏற்றது, எந்த வரப்பில் எலி மிகுதி, கோடையிலும் நீர் வற்றாத குழி எது என்பனவெல்லாம் அதற்குப் பழகியவை. சாக்கில் கட்டி இருபது கல் தொலைவில் அவிழ்த்துவிட்டால், காடு எத்துணைச் செழிப்பாயினும் அது அயலூரே.

கருநாடகத்து ஆகும்பேயில் ராமுலஸ் விட்டேக்கர் நிறுவிய மழைக்காட்டு ஆய்வு நிலையத்தார், கருநாகங்களின் உடலில் சிறு வானொலிக் கருவி பொருத்தி அவற்றின் போக்கைப் பின்தொடர்ந்தனர். தொலைவில் கொண்டுபோய் விடப்பட்ட நாகம் ஓரிடத்தும் நிலைகொள்ளாது, அவ்வட்டாரத்துக்கே உரிய நாகத்தைக் காட்டிலும் மிக நெடுந்தூரம் அலைந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கிலுகிலுப்பைப் பாம்புகளை ஆராய்ந்து 1999இல் வெளியான முடிவு இன்னும் கொடியது. இடம் மாற்றப்பட்டவற்றுள் பாதிக்கு மேல் மடிந்தன. சொந்த இடத்தில் வாழ்ந்தவற்றுள் இறந்தவை ஒன்பதில் ஒரு பங்கே. காப்பாற்றியவர் கையாலேயே நேர்ந்த சாவு என்று இதனைச் சொல்லாமல் வேறெப்படிச் சொல்வது?

விடுவிக்கும் முறைகளை அறிஞர் இரண்டாகப் பகுப்பர். கொண்டுவந்தவுடன் அவிழ்த்துவிடுவது வன்விடுவிப்பு. புதிய நிலத்தில் வேலியிட்டு, சில காலம் அதற்குள் பழகவைத்துப் பின் வேலியை அகற்றுவது மென்விடுவிப்பு. (வல்லினம் மெல்லினம் பயிற்றுவோர்க்கு இப்பெயர்கள் எளிதில் மறக்கா.) தென் கரோலினாவில் வளை தோண்டும் நிலத்தாமைகளை இவ்வாறு ஓராண்டு அடைப்பில் வைத்து விடுவித்தபோது, அடைப்பின்றி விடப்பட்டவற்றைவிட அவை அந்நிலத்திலேயே தங்கின. கடத்தலில் மீட்கப்படும் நட்சத்திர ஆமைகளுக்கு இது பொருந்தும் முறை. அவை பிறந்த ஊரைக் கேட்டறிய வழியில்லை. வறண்ட புதர்க்காடு தேடி, பொறுமையோடு பழக்கவே வேண்டும். மலைப்பாம்புக்கோ, சாரைக்கோ பிடிபட்ட இடம் தெரியும். அதனருகே உள்ள புதரோ புற்றோ போதும்; வேலியும் வேண்டா, வண்டிச்செலவும் வேண்டா.

இங்கே ஒரு மறுப்பு எழும், எழவும் வேண்டும். குழந்தைகள் தரையில் உறங்கும் வீட்டருகே கண்ணாடி விரியனை மீண்டும் விடச் சொல்வது அறமா? 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுதோறும் சராசரியாக 58,000 பேர் மாண்டனர் என்று ஆய்வு கணக்கிட்டுள்ளது. அந்த அச்சத்தைக் கவிதை நயத்தால் மூடிவிட இயலாது. வீட்டு முற்றத்தில் விடச் சொல்பவர் எவருமில்லை; ஊருக்கு ஒதுங்கிய, அதே வட்டாரத்துப் புதர்வெளியே இங்குக் கருதப்படுவது. தொலைவில் விட்ட விரியனும் மறைந்து போவதில்லை. ஒளிய இடமறியாது அலைந்து, காவலூர்ச் சாலையோரத்தில் வேறொரு தாயின் வாசலுக்கு வரலாம். மலையில் வாழும் மலையாளி மக்களுக்கும் குழந்தைகள் உண்டு என்பதைச் சமவெளியார் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

கைப்பழக்கத்தால் இதனை அறிந்தவர் இருளர். தோல் வாணிகம் தடைப்பட்டபின், 1978இல் அவர்கள் தொடங்கிய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இயங்குகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்துச் சில வாரங்கள் பானைகளில் வைத்து, நஞ்செடுத்து, மீண்டும் விட்டுவிடுவர். அடிவயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் வெட்டுவதும் உண்டு. அதே பாம்பு உடனே மறுபடி சிக்கினால் தெரிந்துகொள்வதற்காக. கொன்று தோல் விற்ற கைகள் உயிரோடு திருப்பித்தரக் கற்றன.

ஆலங்காயத்தில் மீட்போர் செய்யத்தக்கது மிகச் சிறிது. சாக்கை வெயிலில் கிடத்தாதிருத்தல். இரவில் திரியும் இனமாயின் அந்திவரை காத்திருத்தல். பிடித்த பாம்புகள் அனைத்தையும் ஒரே ஓடைக்கரையில் கொட்டாதிருத்தல். குறிப்பேட்டில் விட்ட இடத்தின் பெயருக்கு முன்னே, பிடித்த வயலின் பெயரையும் ஒரு வரி எழுதிவைத்தல்.