வயதானவர்களும் உடையும்

(கம்பத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் பேசியதன் சாரம்)



வயதானவர்கள் உடுத்துவதைப் பற்றியும் அணிவதைப் பற்றியும் பேசும்படி எனக்குக் கட்டளை. கூலிக்கும் கஞ்சிக்கும் வழி தேடுகிறவனிடம் சட்டையைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். உடையில் கவலை வைப்பதே வீண் டம்பம் என்று எண்ணும் நம் தோழர்களும் உண்டு. நான் டம்பத்துக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. ஒரு ஆணுக்கு 60 வயது ஆனவுடனும், ஒரு பெண்ணுக்கு அவ்வளவுகூட வேண்டாம், மகள் வயிற்றில் ஒரு பேரன் பிறந்தவுடனும், இன்ன கலரில்தான் கட்ட வேண்டும், காதில் இன்னதுதான் போட வேண்டும், பூ வைக்கலாமா கூடாதா என்று ஊரார் தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்து விடுகிறார்களே, இந்த அதிகாரத்தை அவர்களுக்கு யார் கொடுத்தார்கள் என்று கேட்கவே வந்திருக்கிறேன்.

தீபாவளிக்கு முன் தேனியிலோ இந்தக் கம்பத்திலோ ஏதாவது ஒரு ஜவுளிக்கடையில் போய் நின்று பாருங்கள். ஒரு கிழவி கிளிப்பச்சைச் சேலையைத் தொட்டுப் பார்ப்பாள். உடனே பேத்தி, "அப்பத்தா, இந்த வயசுல உனக்கு எதுக்கு இது?" என்பாள். கடைக்காரப் பையனும் சமயம் அறிந்து, மண் கலரிலும் சாம்பல் கலரிலும் ஒரு கட்டு எடுத்துப் போடுவான். கிழவி அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். பணம் யாருடைய பணம்? விடியுமுன் ஜீப்பில் நெருக்கி ஏறி, குமுளி மலைக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் களை வெட்டிச் சம்பாதித்த அவள் பணம்! அந்தப் பணத்தில் ஒரு பச்சைச் சேலை எடுக்க அவளுக்கு யோக்கியதை இல்லையாம்!

அவள் புருஷன் செத்துப் போயிருந்தால் கேட்கவே வேண்டாம். விதவை மறுமணம் செய்துகொள்ளலாம் என்று 1856-லேயே சட்டம் ஆகிவிட்டது. ஆனால் சேலையின் கலருக்கு மட்டும் இன்னும் பல வீடுகளில் விடுதலை கிடைக்கவில்லை. பெண்ஜாதி செத்த ஆண்பிள்ளை எந்தக் கலரையாவது விட்டானா? எந்த விசேஷத்துக்காவது போகாமல் ஒதுங்கினானா? இவனுக்கு இல்லாத அபசகுனம் அவளுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

வெள்ளையை நான் நிந்திக்கவில்லை. வெயிலுக்கு வெள்ளை நல்லது. இருட்டில் ரோட்டோரம் நடப்பவரை லாரிக்காரன் கண்ணுக்குக் காட்டிக் கொடுப்பதும் வெள்ளைதான். கட்டுகிறவள் விரும்பிக் கட்டினால் அது உடை. மற்றவர்கள் கட்டச் சொன்னால் அது தண்டனை.

இனி நகைக்கு வருகிறேன். நம் பக்கத்துக் கிழவிகள் காதில் தண்டட்டி தொங்குவதைப் பார்க்காதவர் இங்கு யாரும் இருக்க முடியாது. பெண் குழந்தைக்குக் காதைக் குத்தி, பஞ்சைச் சுருட்டித் திணித்து, பிறகு ஈயக் குணுக்கை மாட்டி இழுக்க விட்டு, காது தோளைத் தொடுகிற வரையில் வளர்த்தார்கள். அப்புறம் அந்தத் துளையில், மேலே பொன் தகடும் உள்ளே அரக்குமாகச் செய்த தண்டட்டியை மாட்டினார்கள். இதை அழகு என்றார்கள். அழகு என்பது பழக்கந்தான் என்பதால் அதைப் பற்றி நான் சண்டை போடவில்லை. ஆனால் அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. அன்று தகப்பன் சொத்தில் பெண்ணுக்குப் பங்கு கிடையாது. ஆகவே அவளுக்கு என்று சொல்லிக்கொள்ள இருந்தது காதில் தொங்கிய அந்தப் பொன் ஒன்றுதான். அவளுடைய பாங்கி அவள் காதிலேயே தொங்கிற்று. இரவில் தூங்கும்போதுகூட அவள் அதைக் கழற்றாததற்குக் காரணம் அலங்கார ஆசை அல்ல, பயம்.

பெண்ணுக்கும் சமசொத்து வேண்டும் என்று 1929-ல் செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாட்டில் தீர்மானம் செய்தார்கள். அது தமிழ்நாட்டில் சட்டமாக வர 1989 ஆயிற்று. அதிலும் அதற்கு முன்பே கலியாணமாகிப் போன பெண்களுக்குப் பங்கு இல்லை. அவர்களையும் சேர்த்துக்கொள்ள 2005-ல் மத்திய சட்டம் திருத்தப்பட வேண்டியிருந்தது. கிழவி தண்டட்டியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது மூடத்தனம் என்று சிரிக்கிற வாலிபர்கள் இந்த வருஷங்களைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். 2023-ல் "தண்டட்டி" என்றே ஒரு சினிமா வந்தது. செத்துக் கிடக்கும் கிழவியின் காதிலிருந்து தண்டட்டி காணாமற் போவதுதான் கதை. கதை என்கிறோம். நம் ஊர் இழவு வீடுகளில் பிணத்தைவிட நகைமேல் கண்ணாக இருப்பவர்களை நாம் கண்டதில்லையா?

இப்போது இருக்கும் தாய்மார்களுக்கு ஒன்று சொல்லுவேன். வயதாக ஆகக் காது மடல் மெலிந்து தளர்ந்துவிடும். இருபது வயதில் தாங்கிய பாரத்தை எழுபது வயதில் தாங்காது, அறுந்துவிடும். பொன்னைப் பாங்கியில் வையுங்கள், காதில் லேசான தோடு போடுங்கள், அல்லது ஒன்றுமே போடாதிருங்கள். அறுந்த காதையும் நீண்ட காதையும் மரத்துப்போக ஊசி போட்டுத் தைத்துச் சரி செய்வது இன்று டாக்டர்களுக்குச் சின்ன வேலை. "வெறுங்காதாய் நின்றால் ஊர் என்ன சொல்லும்?" என்றால், அறுந்தபோது அந்த ஊர் வந்து வலியில் பாதியை வாங்கிக்கொண்டதா?

ஊர் எதற்காக உடையில் இவ்வளவு அக்கறை காட்டுகிறது? உடையைப் பார்த்தே இவன் அடங்கினவன் என்று தெரிய வேண்டும், அதற்காகத்தான். 1930-ல் இராமநாதபுரம் ஜில்லாவில் ஜாதி இந்துக்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழ் துணி கட்டக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கை போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. 1931 ஜனத்தொகைக் கணக்கை நடத்திய ஹட்டன் துரை இதைத் தம் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். எழுபது வயதுக் கிழவன் கொதிக்கிற மணலில் குடையும் செருப்பும் இல்லாமல் நடந்தால்தான் இவர்கள் ஜாதி நிற்குமாம்! இந்தப் பட்டியலையும், விதவைக்கும் கிழவிக்கும் நம் வீட்டில் நாமே போட்டு வைத்திருக்கும் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள்.

பெரியார் 1945-ல் கருஞ்சட்டைப் படை அமைத்தபோது அவருக்கு 66 வயது. கறுப்பு அபசகுனம் என்ற நாட்டில், காவி கட்டிக்கொண்டு காசிக்குப் போகச் சொல்லும் வயதில், அவர் கறுப்பை எடுத்துப் போட்டுக்கொண்டார். 1973-ல் 94 வயதில் சாகும் வரை அந்தச் சட்டையும், மேலே ஒரு சால்வையும், கையில் தடியுமாக ஊர் ஊராய்ப் போனார். நரைத்த தாடிக்கு அந்தக் கறுப்பு எவ்வளவு எடுப்பாக இருந்தது என்பதைப் படத்தில் பார்த்தாலே தெரியும். நரைத்த தலைக்குக் கறுப்பு, கருநீலம், அரக்குச் சிவப்பு இவையெல்லாம் நன்றாயிருக்கும். ஜவுளிக்கடைப் பையன் எடுத்துப் போடும் சாம்பல் கலர்தான் முகத்தையும் சேர்த்து மங்கடிக்கும்.

சரி, யார் சொல்வதைக் கேட்பது? உங்கள் உடம்பு சொல்வதைக் கேளுங்கள். வயதானால் முதுகெலும்பு தேய்ந்து, கூனி, உயரம் குறைகிறது. பழைய அளவுச் சட்டை முன்னால் தொங்கும், பின்னால் தூக்கும். பழைய அளவுப் பாவாடை காலில் தடுக்கும். கிழவயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் எழுந்து நடமாடுவது எவ்வளவு கஷ்டம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே புதிதாக அளவெடுக்கச் சொல்லுங்கள். விரல் நடுங்குகிறவர் பெரிய பித்தான் வைத்துத் தைத்துக்கொள்ளட்டும். ஒட்டிக்கோ வேஷ்டியைப் பார்த்து வாலிபர்கள் சிரிக்கிறார்கள். நடுரோட்டில் வேஷ்டி அவிழ்ந்தால் இன்னும் அதிகமாகச் சிரிப்பார்கள். அடுப்படியில் நிற்கும் தாய்மார்கள் நைலான், பாலியஸ்டர் வேண்டாம். தீப்பட்டால் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பக்கத்திலேயே ஆண்டிபட்டி சக்கம்பட்டியில் நல்ல பருத்திச் சேலை நெய்கிறார்கள். ஆடிச் சாரலுக்கு மேலே ஒரு துண்டோ சால்வையோ போதும்.

சர்க்கரை வியாதி உள்ளவருக்குக் கால் மரத்துப் போயிருக்கும். ரப்பர் செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாது. பின்வார் வைத்த செருப்பு வாங்குங்கள். சந்தையில் விற்கும் கண்ணாடியை மாட்டிப் பார்த்து வாங்காமல், தேனியிலேயே அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது, சோதித்து வாங்குங்கள். விரல் வீங்கி மோதிரம் இறுகினால், கலியாண மோதிரமென்று பார்க்காமல் கழற்றிவிடுங்கள்.

கடைசியாகத் தடி. கையைத் தொங்கவிட்டு நேரே நின்றால் மணிக்கட்டு எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில் பிடி இருக்க வேண்டும். அடியில் ரப்பர் பூண் போட்டிருக்க வேண்டும். கூடலூர்க் கடைசி பஸ்ஸுக்கு நேரமாயிற்றென்று பின்னால் சிலர் எழுந்திருப்பது தெரிகிறது. அவர்களில் தடி இல்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்த பெரியவர் ஒருவரும் இருக்கிறார். அவருக்கு நான் சொன்னது காதில் விழுந்திருக்கும் என்று நம்பி உட்காருகிறேன்.