கண்ணேறும் கடவுச்சொல்லும்

ஒரு தாய் தன் கைபேசியை நீட்டி, "சாமி, இதை மந்திரிச்சுக் கொடுங்க. யாரோ கண்ணு வச்சதுல வங்கிப் பணம் போயிடுச்சு" என்றார். விசாரித்தேன். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னவனிடம் ஓடிபி எண்ணைச் சொல்லியிருந்தார். கடவுச்சொல்லோ மகனின் பிறந்த நாள்.

கண்ணேறின்மேல் பழி போட்டால், திருடனுக்குக் கதவு திறந்தே கிடக்கும். ஆசீர் என்பது தாயத்து அல்ல. மத்தேயு 10:16இல் ஆண்டவர் கள்ளமின்மையோடு விவேகத்தையும் நம்மிடம் கேட்கிறார்.

ஓடிபியை எவருக்கும் சொல்லாதீர்கள். கடவுச்சொல் நீளமாக, கணக்குக்குக் கணக்கு வேறாக இருக்கட்டும். ஏமாந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல், சைபர் குற்ற உதவி எண் 1930க்கு உடனே பேசுங்கள்.

அந்தத் தாயையும் பேசவைத்தேன், ஆசீர்வதித்தேன். அவர் புதிய கடவுச்சொல்லைத் தட்டியபோது நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆமென்.