குறுந்தகட்டின் மேல் எழுதிய பெயர்கள்

(தென்காசியில் நடந்த ஆசிரியர் பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)



மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசச் சொல்லியிருக்கிறார்கள். வெளியே சாரல் வேறு அடிக்கிறது. குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறதா என்று காலையிலேயே பாதிப் பேர் விசாரித்துவிட்டீர்கள். ஆகவே சுருக்கமாகவே பேசுகிறேன்.

என் கையில் இருப்பது ஒரு குறுந்தகடு. நம் பேச்சில் சிடி. இதன் மேல்பக்கத்தில் ஒரு படம் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால் மட்டும் லேசாக ஒரு நிழல் தெரியும். அது குற்றாலம் பேரருவி. 2009-இல் எங்கள் பள்ளியின் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் வரைந்தது. அப்போது நாம் திருநெல்வேலி மாவட்டம். தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான்.

அந்த ஆண்டு வெள்ளிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளின் ஆச்சிமார்களைப் பள்ளிக்கு அழைத்தோம். நடவுப் பாட்டு, தாலாட்டு, கும்மி, விடுகதை என்று அவரவருக்குத் தெரிந்ததைச் சொல்வார்கள். கணினியில் மைக்கை மாட்டி நான் பதிவு செய்வேன். முதலில் வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொள்வார்கள். பாட ஆரம்பித்துவிட்டால் நிறுத்துவதுதான் கஷ்டம். பாட்டுகளைச் சிடியில் ஏற்றி, பாடியவர் பெயரைப் பந்துமுனைப் பேனாவால் மேலே எழுதினேன். முதல் இரண்டு சிடிகள் அப்படித்தான் கெட்டுப்போயின.

நானோ அறிவியல் ஆசிரியர்! சிடியின் அமைப்பை அதன் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். பளபளக்கும் அடிப்பக்கத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்று நினைத்து அதைத் தொடாமல் காப்பாற்றுகிறோம். உண்மையில் 1.2 மில்லிமீட்டர் தடிமன் உள்ள அந்தத் தட்டில் தகவல் இருக்கும் அடுக்கு மேல்பக்கத்தை ஒட்டியே இருக்கிறது. அதன் மேல் இருப்பது மெல்லிய அரக்குப் பூச்சுதான். பேனா முனையை அழுத்தினால் நேராக அங்கே போய்விடும். டிவிடியில் அந்த அடுக்கு இரண்டு தட்டுகளுக்கு நடுவே இருப்பதால் கொஞ்சம் தப்பிக்கும். சரி, காகித ஸ்டிக்கர் ஒட்டலாமே என்று பார்த்தோம். மையம் சற்று விலகினாலும் வேகமாகச் சுற்றும்போது தட்டு ஆடுகிறது. நம் ஊர் ஈரக்காற்றில் பசை வேறு கிளம்பிவிடுகிறது.

அப்போதுதான் லைட்ஸ்கிரைப் பற்றிக் கேள்விப்பட்டேன். எச்பி நிறுவனம் 2004-இல் அறிவித்த முறை அது. அதற்கு முன்பே 2002-இல் யமஹா நிறுவனம் சிடியின் அடிப்பக்கத்தில், பதிவு போக மீந்த இடத்தில் படம் வரையும் டிரைவ் ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. லைட்ஸ்கிரைப் மேல்பக்கத்திலேயே எழுதும். அதற்கென்று தனி டிரைவ், தனி சிடி. சாதாரண சிடியைவிட விலை அதிகம். என் சொந்தக் காசில் வாங்கி வீட்டுக் கணினியில் மாட்டினேன். வீட்டில் என்ன சொன்னார்கள் என்பது இந்த உரைக்குத் தேவையில்லை.

முதலில் வழக்கம்போல் பாட்டுகளைப் பதிய வேண்டும். பிறகு சிடியை வெளியே எடுத்து, தோசையைத் திருப்புவதுபோலக் குப்புறப் போட்டு மறுபடி உள்ளே தள்ள வேண்டும். பாட்டைப் பதிந்த அதே லேசர் இப்போது மேல்பக்கத்தில் பூசியிருக்கும் சாயத்தைச் சுடும். சுட்ட இடம் கருக்கும். வண்ணம் கிடையாது, பென்சில் ஓவியம் மாதிரி ஒரே நிறம்தான். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வட்டம் வட்டமாக வரைந்துகொண்டு போகும். பெயர் மட்டும் என்றால் சில நிமிடங்கள். தட்டு முழுக்கப் படம் என்றால் அரை மணி நேரம்கூட ஆகும். சனிக்கிழமை பிள்ளைகள் என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். டிரைவ் மூடியிருக்கும்போது பார்க்க எதுவுமே இல்லை, ‘உய்ங்’ என்ற சத்தம் மட்டும்தான். வகுப்பில் பத்து நிமிடம் அடங்கி உட்காராத பையன்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி அரை மணி நேரம் அசையாமல் இருந்தார்கள்.

வட்டத்துக்குள் படம் வரைவது பிள்ளைகளுக்குப் புதிது. நடுவில் ஓட்டை வேறு. எல்லோரும் ஓட்டையை ஒதுக்கிவிட்டு வரைந்தார்கள். இந்த அருவிப் பையன் மட்டும் ஓட்டையைப் பார்த்துவிட்டு, “சார், இதுதான் பொங்குமாங்கடல்” என்றான். உங்களுக்குத் தெரியும், பேரருவித் தண்ணீர் மேலேயிருந்து நேராக நம் தலையில் விழுவதில்லை. நடுவழியில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கிக் கீழே வருகிறது. தண்ணீர் ஓட்டைக்குள் போய் அடுத்த பக்கம் வழிவதாக அவன் வரைந்திருந்தான். ஓவியப் போட்டிகளில் ஒரு பரிசும் வாங்காத பையன் அவன்.

இன்னொரு வசதியும் இருந்தது. ஓட்டையைச் சுற்றி நுணுக்கமான குறிகள் அச்சிட்டிருக்கும். அவற்றைப் படித்துத் தட்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று டிரைவ் தெரிந்துகொள்ளும். அதனால் ஒருமுறை எழுதிய சிடியில் பிறகு இன்னொரு வரியைச் சரியான இடத்தில் சேர்க்கலாம். புதிதாக ஓர் ஆச்சி பாடினால் பாட்டையும் சேர்ப்போம், பெயரையும் சேர்ப்போம். இப்படி 31 சிடிகள்.

பெயர்கள் சிடியின் முகத்திலேயே இருக்கின்றனவே, நோட்டில் எதற்கு என்று நினைத்தேன். கணினிக் கோப்புகளுக்கும் ‘பாட்டு 1’, ‘பாட்டு 2’ என்றே பெயர் வைத்தேன். அழகாக வந்த சிடிகளை ஆசிரியர் அறையில் ஜன்னலை ஒட்டிய கண்ணாடி அலமாரியில் வரிசையாக நிறுத்தினேன். பார்வைக்கு வந்த அதிகாரிகள் பாராட்டினார்கள். வெளிச்சம் படாமல் வைக்கச் சொல்லி உறையிலேயே குறிப்பு இருந்திருக்கிறது, நான் படிக்கவில்லை. ஒளியால் எழுதியதை ஒளி கொஞ்சம் கொஞ்சமாக அழித்தது. தினமும் பார்க்கிற கண்ணுக்கு அது தெரியவே இல்லை. “சித்திர சபைக்குள்ள ஏன் சார் இருட்டா இருக்குன்னு இப்ப புரியுதா?” என்று எங்கள் ஓவிய ஆசிரியர் கிண்டல் செய்தார். மர அலமாரிக்குள் இடமில்லாமல் போட்டுவைத்த ஒன்பது சிடிகள் மட்டும் இன்றும் புதிதுபோல் இருக்கின்றன.

2022-இல் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு பள்ளிக்கு வந்தாள். 2009-இல் எங்களிடம் ஏழாம் வகுப்பு படித்தவள். “சார், எங்க ஆச்சி பாடுன தாலாட்டு உங்ககிட்ட இருக்கும்லா? ஆச்சி தவறிட்டாங்க சார். இவளுக்குப் போட்டுக் காட்டணும்” என்றாள். இருக்கிறது என்று வேகமாகச் சொல்லிவிட்டு அலமாரியைத் திறந்தேன். எல்லாம் வெற்று முகங்கள். பள்ளியின் புதிய மடிக்கணினியில் சிடி போடும் வசதியே இல்லை. தனியாக மாட்டுகிற டிரைவ் ஒன்றை இரவல் வாங்கி, ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டோம். அவள் மூன்று நாள் வந்தாள். பதினேழாவது சிடியில் ஆச்சி கிடைத்தார். பாட்டு தொடங்கும் முன்பே, அந்த இருமலைக் கேட்டதும் “இதான் சார்” என்றாள்.

அதன் பிறகுதான் வேலையை ஒழுங்காகச் செய்தேன். எல்லாவற்றையும் கணினியில் நகலெடுத்து, இன்னொரு பிரதியை வேறு இடத்தில் வைத்தேன். கோப்பின் பெயரிலேயே பாடியவர், ஊர், ஆண்டு மூன்றும் இருக்கும்படி செய்தேன். அதையே நோட்டிலும் மையால் எழுதினேன். உங்கள் பள்ளி பீரோவிலும் பழைய சிடிகள் இருக்கும். இந்த வாரமே வெளியே எடுத்துப் பாருங்கள். டிரைவை நான் தருகிறேன்.

எங்களுடைய 31-இல் நான்கு சிடிகள் படிக்கவே இல்லை. 24-இல் உள்ள குரல்களுக்கு, பழைய மாணவர்களை வரவழைத்துப் பெயர் கண்டுபிடித்துவிட்டோம். மீதி மூன்று நன்றாகப் பாடுகின்றன. யார் குரல் என்றுதான் தெரியவில்லை. அருவிப் பையன் படம் போட்ட இந்தச் சிடியும் அதில் ஒன்று. அவன் இப்போது வெளிநாட்டில் இருக்கிறான். கேட்டுப் பார்த்தேன், படம் நினைவிருக்கிறது, பாடியவர் நினைவில்லை என்கிறான்.

இங்கே கடையம், செங்கோட்டை, கடையநல்லூர்ப் பக்கமிருந்தெல்லாம் வந்திருக்கிறீர்கள். இப்போது அதைப் போடுகிறேன், இரண்டு நிமிடம்தான். நடவுப் பாட்டு. குரலோ ஊர்ப்பேச்சோ யாருக்காவது தெரிந்தால் உடனே கையைத் தூக்குங்கள். பாட்டு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.